விலக்கி அச்சடித்த வட்டங்கள்

பிரபாகரன் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டுக் காலண்டரைத்தான் அதிக நேரம் பார்த்தார். என் அம்மா பொன்னுத்தங்கம் கேசரியும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள். அவருடைய அம்மா லட்சுமிகாந்தம் என் சேலை, என் காது, எங்கள் வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டார். இவர் மட்டும் காலண்டரில் இருந்த முருகனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்திமான் போலிருக்கிறது, நமக்குச் சரிப்படாது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் எங்களைப் பேசச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனதும் வாயைத் திறந்தார்.

"அந்தக் காலண்டர்ல செவப்பு ஒதுங்கி விழுந்திருக்குங்க. முருகனுக்கு உதடு கன்னத்துல இருக்கு. அது எங்க பிரஸ்ஸுல அடிச்சது இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் சமைக்கத் தெரியுமா, கோபம் வருமா என்றுதான் கேட்டார்கள். வரும் என்று நான் கோபமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ஆசிட். அருணாதேவி டீச்சர் என்று சொன்னால் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். முப்பதைத் தாண்டிவிட்டேன், அப்பாவும் இல்லை, பெயரோ ஆசிட். இதற்கு நடுவில் ஒரு மனிதர் வந்து முருகனின் உதட்டுக்காகக் கவலைப்பட்டால் பிடிக்கத்தான் செய்யும்.

அவருக்குச் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை எல்லாம் அடிப்பார்கள். ஒரு படத்துக்கு ஒவ்வொரு நிறமாகத் தாளின் மேல் ஏற்ற வேண்டும். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் படம் மங்கிப்போகும். அதற்கு ரிஜிஸ்டர் அவுட் என்று பெயர். சிவகாசியில் ஒரு அச்சகக்காரரைத் திட்ட வேண்டுமென்றால் அப்பன் ஆத்தாளை இழுக்க வேண்டியதில்லை, இந்த ஒரு வார்த்தையே போதும் என்று அவரே அன்று சொன்னார்.

பிறகு நான் என் விஷயத்துக்கு வந்தேன். "நான் வேலையை விட மாட்டேன். எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவளையும் விட மாட்டேன். இதை முன்கூட்டியே சொல்லிடுறேன்."

"உங்க இஷ்டங்க," என்றார்.

இரண்டே வார்த்தை. நல்ல வார்த்தைபோலத்தான் இருந்தது. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது லட்சுமிகாந்தம் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்: "எங்க வீட்டு மருமகளுக வேலைக்குப் போற வழக்கமில்ல தாயி. மூணு பயலுகளும் ஒண்ணாத்தான் இருக்கானுக. ஏழு மணிக்கே பஸ் ஏறிட்டா அடுப்படிய யாரு பாக்க?" பிரபாகரன் பக்கத்திலேயே நின்றார். காதில் விழாததுபோல் கார் சாவியைத் தேடினார். அவருடைய இஷ்டம் என்ன என்பது அன்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

"நல்ல பையனாத்தான் தெரியுது. வேலை போனாப் போகுது," என்றாள் அம்மா.

அம்மா இப்படித்தான் சொல்வாள். அவளும் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணம் ஆனதும் சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பருப்பு மண்டிக்காரரான அப்பாவுக்குப் பொங்கிப் போட உட்கார்ந்துவிட்டாள். அப்பா தங்கமான மனிதர், அதில் மறுபேச்சில்லை. ஒரு நாளும் அவளை அதட்டியதில்லை. ஆனால் அவள் விட்டுக்கொடுத்தது எதுவும் திரும்பி வரவுமில்லை. வகுப்பில் சோடியத்தையும் குளோரினையும் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும். சோடியத்தின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறது. அதை அப்படியே குளோரினிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததும் இதற்கும் நிம்மதி, வாங்கியதும் அதற்கும் நிம்மதி. ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நாம் சாப்பிடுகிற உப்பு அப்படி வந்ததுதான். உப்பை நான் குறை சொல்ல மாட்டேன், உறுதியான பிணைப்புதான். எனக்கு மட்டும் அது வேண்டாம்.

எனக்கு வேண்டியது அடுத்த பாடத்தில் இருந்தது. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும்போது கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் போடுகின்றன. நடுவில் கிடக்கும் அந்த இரண்டும் இரண்டுக்கும் சொந்தம். சகப்பிணைப்பு என்று புத்தகம் சொல்கிறது. இந்தப் பாடத்தை நடத்தும்போது என் குரல் மாறிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

இதற்கிடையில் பிரபாகரன் தினமும் வாட்ஸப்பில் ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். மத்தாப்பு ஏன் எரிகிறது என்று ஒரு நாள் கேட்டார். வெடி என்றால் எல்லாம் பிய்ந்து சிதறுவதுதானே என்றார். இல்லை, சேருவதால்தான் அவ்வளவு வெளிச்சம், அலுமினியத் தூளும் ஆக்சிஜனும் இறுக்கிச் சேரும்போது வருகிற சூடுதான் அது, ஒரு பிணைப்பைப் பிரிக்கத்தான் நாம் சூடு கொடுக்க வேண்டும், சேர்ந்தால் அதுவே கொடுக்கும் என்று எழுதினேன். ரொம்ப நேரம் கழித்து, "பொறந்ததுல இருந்து பட்டாசுக்கு லேபிள் அடிக்கிறோம், இது தெரியாமப் போச்சே," என்று பதில் வந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. சங்கடமே அதுதான். பிடிக்காமல் இருந்திருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக நான் ஒரு சுவர்ப்படம் வரைந்திருந்தேன். 'அணுக்கள் எப்படிச் சேர்கின்றன' என்று தலைப்பு. மேல் வரிசையில் உப்பு. அதற்குக் கீழே பெரிதாக ஹைட்ரஜன், குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு. ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்து அணு நீல வட்டம், வலப்பக்கத்து அணு சிவப்பு வட்டம். இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறிய இடத்துக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவைதான் பொதுவில் போட்ட எலக்ட்ரான்கள். கண்காட்சிக்கு வருகிற பள்ளிகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுக்கலாமே என்று ஆசைப்பட்டேன். அதைப் பிரபாகரனிடம் சொன்னபோது, "அத எங்கிட்ட விட்டுருங்க," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

முதல் கட்டு ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தது. ஆசிரியர் அறை மேசையில் வைத்துப் பிரித்தேன். நல்ல தாள், பளிச்சென்ற நிறம், எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் ஒரு வட்டம்கூட இன்னொன்றின்மேல் ஏறவில்லை. நீலமும் சிவப்பும் ஓரத்தோடு ஓரம் தொட்டுக்கொண்டு அழகாக, ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கறுப்புப் புள்ளிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்ததால் இப்போது நீல வட்டத்துக்குள் கிடந்தன. ஒவ்வொரு படத்திலும் நீலம் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டது. சிவப்பு கையை விரித்துக்கொண்டு நின்றது.

நான் வரைந்தது பகிர்வு, அவர் அச்சடித்தது பறிப்பு. எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது. இந்த மனிதருக்கு இது புரியவே புரியாது, உங்க இஷ்டம் என்று சொன்னதன் அர்த்தமும் இதுதான் என்று மனம் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். என் பதிலை நேரிலேயே சொல்லிவிட்டு வருவது என்று முடிவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு, "வீட்டு பிளானா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன விதத்தில் திருத்தங்கல் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அச்சகத்தில் தீபாவளி சீசன். லேபிள் கட்டுகள் கூரைவரை ஏறியிருந்தன. பெரிய மெஷின்களில் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பழைய ஒற்றை நிற மெஷின் மட்டும் சும்மா இருந்தது. அதன் பக்கத்தில் நீலமும் கறுப்பும் ஏறிய என் படங்கள் சிவப்புக்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மெஷின்மேன் பாண்டி என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், மொதலாளி உங்க படத்தத்தான் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தாக," என்றார். பிரபாகரன் சிரித்துக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

படத்தை மேசையில் விரித்தேன். "இதை யாரு நகட்டுனது?"

"நாந்தான்," என்றார். "ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நடுவுல கத்திரிக்கா கலர்ல அழுக்கா ஒரு பிறை விழுந்திருந்துச்சு. எல்லாப் படத்துலயும் அப்பிடியே இருந்துச்சு. கையால வரஞ்சது, லேசா பிசகிருச்சு போலன்னு நெனச்சேன். உங்க பேரு போட்ட படம். பாக்குறவுக ரிஜிஸ்டர் அவுட்னு சிரிச்சா எனக்குத் தாங்காது. கம்ப்யூட்டர் பாக்குற பிள்ளைக்கு அன்னைக்கு லீவு. அதான் நானே ஒக்காந்து ஒவ்வொண்ணா நகட்டுனேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"சொல்லாமப் பண்ணிக் குடுத்தா சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன்."

என் கோபத்தில் பாதி அங்கேயே கழன்று விழுந்தது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டேன். "அந்த அழுக்குப் பிறைதாங்க பாடமே. அது இல்லன்னா அணு சேரல. தண்ணி இல்ல, காத்து இல்ல, நீங்களும் நானும் இல்ல."

"ஒட்டித்தான நிக்குது?"

"ஒட்டி நின்னா போதாது." விரலால் சிவப்பு வட்டத்தைத் தட்டிக் காட்டினேன். "இதப் பாருங்க. இதோடது எல்லாம் அங்கன போயிருச்சு. இதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. எங்கம்மா இப்படித்தான் இருந்தா. உங்க வீட்டுல எனக்கு வச்சிருக்கிற எடமும் இதான். வேலைய விட்டுட்டு, அம்மாவ விட்டுட்டு நான் வந்து நிக்கணும். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு உங்க இஷ்டம்னு சொல்லுவீக."

பாண்டி அவசரமாக ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த உருளையைத் துடைக்க ஆரம்பித்தார். பிரபாகரன் குனிந்து அந்தச் சிவப்பு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவர், "உள்ள வாங்க. எம்புட்டு ஏறணும்னு நீங்களே பக்கத்துல இருந்து சொல்லுங்க," என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டார். திரையில் ஹைட்ரஜன் பெரிதாக வந்தது. சிவப்பு வட்டத்தைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். "இம்புட்டா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

வட்டம் ஏற ஏற நடுவில் கத்திரிக்காய் நிறம் விரிந்தது. அவருடைய கை தயங்கியது எனக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எதைத் தப்பு என்று நினைத்தாரோ அதையே செய்துகொண்டிருந்தார், பாவம். நடுவில் இருந்த இரண்டு புள்ளியையும் தாண்டி வட்டம் போய்க்கொண்டே இருந்தது.

"போதும், போதும். அதுக்கு மேல போகக் கூடாது," என்றேன்.

"ஒரேயடியா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திரலாம்னு பாத்தேன். சேர்றதுன்னா முழுசா சேரட்டுமேன்னு."

"சேராது. ரொம்ப நெருங்குனா உள்ள இருக்கிற கரு ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிவிடும். தள்ளிப் போனா திரும்ப இழுக்கும். அதுக்குன்னு ஒரு தூரம் இருக்குங்க. அதுல நின்னாத்தான் ரெண்டுக்கும் நிம்மதி."

அவர் வட்டத்தை ஒரு துளி பின்னால் இழுத்து நிறுத்தினார். அந்த இடத்தில்தான் நான் முதலில் வரைந்திருந்தேன். திரைக்கு அருகில் குனிந்து, "இந்தப் புள்ளி ரெண்டும் யாரோடது?" என்று கேட்டார்.

"ஒண்ணு நீலம் போட்டது, ஒண்ணு சிவப்பு போட்டது. போட்ட பெறகு ரெண்டும் ரெண்டு பேருக்கும்."

"சரிசமமாவா?"

"ரெண்டும் ஒரே வகையா இருந்தா சரிசமம். வேற வேறயா இருந்தா, ஒண்ணு கொஞ்சம் தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும். ஆனா விட்டுறாது."

"அப்ப நீங்கதான் இழுப்பீக," என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு நீல வட்டத்தைச் சுட்டிக் கேட்டார்: "நீலம் ஒண்ணும் போடாம சும்மா நின்னா?"

"சேராது," என்றேன்.

ஈதல் சகப்பிணைப்பு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கமே இரண்டு எலக்ட்ரானையும் போடும். அதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய அம்மா அதைப் பிடித்துக்கொள்வார்.

சிவப்பு நிறத்துக்கான புதிய அச்சுத் தகடு தயாரானது. பாண்டி அதை மெஷினில் பூட்டி ஒரு தாளை ஓட்டிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்த்தவர் முகம் கோணிவிட்டது. "மொதலாளி, ரிஜிஸ்டர் அவுட்டா இருக்கே."

"அப்பிடித்தான் அடிக்கணும்."

"நம்ம பிரஸ் பேரு கெட்டுப்போகும்."

"எம்பேருதான பாண்டி. கெடட்டும், அடிங்க."

மெஷின் ஓட ஆரம்பித்தது. தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் நீலத்தின் மேல் சிவப்பு ஏறி, நடுவில் அந்தப் பிறை, பிறைக்குள் இரண்டு புள்ளி. எத்தனை வருடமாகப் பலகையில் வரைந்து அழித்திருக்கிறேன். இவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததேயில்லை. கண் நிறைந்துவிட்டது. அச்சு மையின் வாடைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது இல்லை. சந்தோஷம். கூடவே பயமும். படம் சரியாகிவிட்டது, இனி நான் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த வீட்டுக்குள் போகவும் மனமில்லை.

பிரபாகரன் என் பக்கத்தில் வந்து நின்றார். கையைத் துணியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு மெஷினைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார்.

"சத்தத்துல கேக்கல," என்றேன்.

பொய். முதல் தடவையே எனக்கு முழுவதும் கேட்டுவிட்டது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஓடுகிற மெஷினை நடுவில் நிறுத்தினால் மறுபடி மை சீராவதற்குள் ஒரு கை தாளாவது வீணாகும். ஒரு தாள் வீணானாலும் மனசு கேட்காத மனிதர் அவர். எட்டிப் போய் நிறுத்திவிட்டார். அந்தப் பக்கத்தில் சட்டென்று சத்தம் அடங்கியது. பாண்டி திரும்பிப் பார்த்தார். லேபிள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள்.

"நீங்க விருதுநகர விட்டு வாங்க. நான் எங்க வீட்ட விட்டு வாறேன்," என்றார். "ரெண்டு ஊருக்கும் நடுவுல திருத்தங்கல்ல வீடு எடுப்போம். காலைல உங்களுக்கு பஸ்ஸு, எனக்கு பைக்கு. அடுப்படிய ரெண்டு பேரும் பாப்போம். உங்கம்மா வந்து நம்மகூட இருக்கணும்னா இருக்கட்டும். எங்கம்மா அழும். தம்பிக பேச மாட்டானுக. நான் இன்னைக்கே போயிச் சொல்லிருதேன். அன்னைக்கே நான் இதச் சொல்லியிருக்கணும், உங்க இஷ்டம்னு சொல்லிட்டுச் சாவியத் தேடிக்கிட்டு நின்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதான் எம்பங்கு. போதுமா டீச்சர்?"

சிவகாசியில் மூன்று மகன்கள் ஒன்றாக இருக்கிற ஒரு வீட்டிலிருந்து மூத்தவன் கல்யாணத்துக்காகத் தனியாக வெளியே வருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அசையவில்லை.

"எனக்குச் சம்மதம்," என்றேன். மெஷின் நின்றிருந்ததால் மெதுவாகச் சொல்லியிருந்தாலே கேட்டிருக்கும். நான் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.